டீச்சர் கையில் எதற்குக் குடை?

தீயணைப்பு உருளையை இரு கைகளாலும் தூக்கி, துப்புரவு அக்கா மூன்றாவது முறையாகக் கதவில் மோதினார். உள்தாழ்ப்பாள் தெறித்தது.

ஓய்வூதியச் சேவை மையம். சக்கர நாற்காலியில் வருவோருக்கான கழிவறை. தரையில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கிடந்தார். நெற்றியில் ரத்தம். மூச்சு இருந்தது. நாற்காலி பிரேக் போட்டபடி சுவரோரம் நின்றது. அவர் கையில் வளைந்த பிடி வைத்த குடை. வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆம்புலன்ஸ் புறப்பட்டதும் இன்ஸ்பெக்டர் அம்மாள் ஏட்டோடு வந்தார். வரவேற்பறைச் சுவரில் பெரிய புகைப்படம்: இதே கழிவறை, இரண்டு வருடத்துக்கு முன் திறப்பு விழாவில் எடுத்தது. சிறந்த வடிவமைப்புக்கான விருது வாங்கிய படம். சுவர் வெள்ளை, தரை வெள்ளை, வேறு நிறமே கிடையாது.

நேரில் பார்த்தால் ஒரு நிறம் கூடுதலாக இருந்தது. விழுந்தவர் இழுத்து உதவி கேட்கத் தரைவரை தொங்க வேண்டிய சிவப்புக் கயிறு, தலைக்கு மேலே சுருட்டி முடிச்சிடப்பட்டிருந்தது.

"இவதான் மேடம்!" மேலாளர் அக்காவைக் காட்டினார். "துடைக்கும்போது இடிக்குதுன்னு கட்டிட்டா. இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பறேன். கேஸ் போடுங்க."

"ஐயோ, நான் சேர்ந்தே மூணு மாசம்தான் மேடம்! அப்பவே அது அங்கதான் இருந்துச்சு. ஃபேன் கயிறுன்னு நெனச்சேன்."

"பொய். மாசாமாசம் நான் இழுத்துப் பார்க்கறேன்."

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ஏட்டையா, குடை எதுக்கு?"

"வயசானவங்க மேடம். குப்பை போடப் போனாலும் குடையோடதான் போவாங்க."

"எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஸ்டூல் போட்டு முடிச்சை அவிழுங்க. நான் ஹாலுக்குப் போய்க் கை காட்டினதும் இழுங்க."

கை காட்டினார். மணி அலறியது.

"என்ன சத்தம்?" "தீப்பிடிச்சிருச்சா?" ஒரு குமாஸ்தா சாப்பாட்டுப் பையை அணைத்துக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டார். மேலாளர் மட்டும் அசையவில்லை. அவர் கை, பார்க்காமலே, மேஜைக்கு அடியில் நழுவியது. மணி நின்றது.

"மாசாமாசம் அடிக்கிற மணி. இங்க ஒருத்தருக்கும் அடையாளம் தெரியல. உங்க கைக்கு மட்டும் பட்டன் இருக்கிற இடம் தெரியுதே சார்?"

"அது... என் மேஜை..."

"திறப்பு விழாப் படத்துல சிவப்பே இல்லை. அக்கா வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கயிறு மேல போயாச்சு."

மேலாளர் நாற்காலியில் சரிந்தார். "டிசைனர்தான் மேடம். படத்துல அசிங்கமாத் தொங்குதுன்னு கட்டச் சொன்னார். எடுத்ததும் என்னை அவிழ்த்துவிடச் சொன்னார். திறக்கறதுக்கு முந்தின வாரம் நானும் வேலையாட்களும்தான் இருந்தோம். யார் கயித்தை உரசினாலும் மணி அலறும், நான்தான் நிறுத்தணும். கட்டினதும் நிம்மதியா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

"அக்கா, நீங்க வேலையைப் பாருங்க. உங்க மேல ஒண்ணும் இல்லை."

ஏட்டு செல்போனோடு ஓடிவந்தார். "டீச்சர் கண் முழிச்சுட்டாங்க மேடம்!"

"அப்பாடா!" என்றார் மேலாளர். "பாத்ரூம் போன இடத்துல வழுக்கி..."

"பாத்ரூமுக்காகப் போகவே இல்லையாம் சார். கயித்தைப் பத்தி மூணு தடவை வந்து சொல்லியும் நீங்க காதுலயே போட்டுக்கலையாம். இன்னைக்குத் தானே அவிழ்த்துடலாம்னு வீட்ல இருந்து குடை கொண்டுவந்தாங்களாம். குடைப் பிடியை முடிச்சுல மாட்ட எட்டும்போதுதான் விழுந்தாங்களாம்."