நாற்பத்தொன்றைக் கழித்தால்

பல்கலைக்கழக ஆய்வு மையத்து நீள்மேசையின் தலைப்பக்கம் சட்டப் பேராசிரியர் நீலமேகம். அவருக்கு வலப்பக்கம் நரம்பியல் மருத்துவர் ஷாஹிதா. இடப்பக்கம் குற்றவியல் துறையிலிருந்து வந்த குழுச் செயலர் ஆவுடைச்செல்வி. ஜன்னலோரம் இன்ஸ்பெக்டர் அருள்தாசன், தொப்பியை மடியில் வைத்தபடி. கதவருகே குவாரித் தொழிலாளி இசக்கிமுத்து, முதுகு சாயாமல் நாற்காலி நுனியில். அவன் மனைவி பேச்சித்தாய்க்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் உட்காரவில்லை.

மேசை நடுவில் நோவுமானி இருந்தது. உடம்பு பட்ட வலியை நரம்பு லேசில் மறப்பதில்லை. பிடரியில் பட்டையை ஒட்டினால் போதும், எந்த நாளில் எவ்வளவு நோவு என்று கருவி படித்துச் சொல்லிவிடும். மூன்று துறைகளும் கூடி மனித உரிமைக்காகவே செய்த கருவி. அது வந்தபின் காவலில் அடித்துவிட்டு 'வழுக்கி விழுந்தான்' என்று எவரும் எழுத முடியவில்லை. நாற்பதைத் தாண்டினால் வதை. வதைத்தவருக்குச் சிறை.

இசக்கிமுத்து லாக்கப்பில் கிடந்த நாளை ஷாஹிதா தேடி எடுத்தாள். எழுபத்தாறு.

"நான் சொன்னேம்லா!" பேச்சித்தாய் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"பொறும்மா. கழிவு இன்னும் போடலை," என்றார் நீலமேகம்.

கழிவு, ஆவுடைச்செல்வியின் யோசனை. வேலையில் வந்த வலியைப் போலீஸ் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆளின் சாதாரண நாள் நோவைக் கழித்து மீதியைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்ததில் கழிவு இரண்டு, மூன்றுக்கு மேல் போகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இசக்கிமுத்துவின் சாதாரண நாள் நாற்பத்தொன்று. மீதி முப்பத்தைந்து.

"வதை இல்லை," என்றார் நீலமேகம்.

"இல்லையா? குப்புறப் படுத்த மனுசன் ஒரு வாரம் எந்திரிக்கல. அப்ப என்ன, விருந்துக்கா போயிட்டு வந்தாரு?"

"தட்டினோம், இல்லைன்னு சொல்லலியே," என்றார் அருள்தாசன். "அளவாத்தான்."

இசக்கிமுத்து முதல்முறையாக வாய் திறந்தான். "எம்மா, அந்த நாப்பத்தொண்ணும் எனக்கு வலிச்சதுதான?"

"ஆமாண்ணே," என்றாள் ஆவுடைச்செல்வி.

"அதுக்கு யாரு மேல கேசு குடுக்கணும்?"

"அது நம்ம ஆய்வு வரம்புக்குள்ள வராதுப்பா," என்றார் நீலமேகம்.

ஆவுடைச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது. "சார், கழிவைத் தூக்கிருவோம். தப்பு நம்ம கணக்குலதான்."

"இதே கணக்குல முடிஞ்ச வழக்கெல்லாம்? அத்தனையையும் திறந்தா மையத்தையே பூட்டிருவாங்கம்மா. அப்புறம் கருவியும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே." கழிவு இருக்கட்டும் என்று நீலமேகம் கையைத் தூக்கினார். ஷாஹிதா திரையையே பார்த்தபடி தானும் தூக்கினாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "சின்ன உதவி மேடம். எந்த வேலைக்காரனுக்கு எவ்வளவு கழிவு வரும்னு ஒரு பட்டியல் கிடைச்சா ஸ்டேஷன்ல ஒட்டிருவேன். பசங்க தெரியாம எல்லை தாண்டிரக் கூடாது பாருங்க. மனித உரிமை விஷயம்."

"குடுக்க முடியாது," என்றாள் ஆவுடைச்செல்வி.

"ஆய்வு முடிவை யார் கேட்டாலும் குடுக்கணும்," என்றார் நீலமேகம். "நாம போராடி வாங்கின விதி."

அவளேதான் தட்டச்சு செய்தாள். சாக்கடை, குவாரி, உப்பளம், செங்கல் சூளை என்று இறங்கிய பட்டியல் பேராசிரியரில் முடிந்தது. அவருக்குக் கழிவே இல்லை. அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். பிறகு நீதிமன்றத்துக்கான கடிதத்தில் 'வதை நிகழவில்லை' என்று எழுதி, அடியில் 'செயலர் உடன்படவில்லை' என்று சேர்த்தாள். நீலமேகம் தடுக்கவில்லை. "இருக்கட்டும். குழுவுல ஜனநாயகம் இருக்குன்னு தெரியும்."

"என்ன எழுதிருக்கிய?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

ஆவுடைச்செல்வி உறையை மடித்து அரக்கை ஊற்றினாள்.

"கோர்ட்டுக்குத்தான் போறேன், குடுங்க," என்று இன்ஸ்பெக்டர் கை நீட்டினார். "வாங்க இசக்கிமுத்து, வழியில எறக்கி விடுறேன்."

"நாங்க நடந்துக்கிடுதோம்," என்று பேச்சித்தாய் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரக்கின் சூடு ஆறுமுன் ஆவுடைச்செல்வி பல்கலைக்கழக முத்திரையை அழுத்தினாள். கடிதம் ஜீப்பில் ஏறிப் போனது.