பூட்டிய கூண்டில் இரை

டெல்மா அந்த வீட்டின் முன் வண்டியை நிறுத்தியபோது மதியம் மூன்று மணி. அன்றைக்கு அவளுக்கு அது மூன்றாவது அழைப்பு. காலையில் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை, பிறகு ஒரு கோழிக்கூண்டு, இப்போது இது. இருபத்திரண்டு வருடமாகப் பாம்புகளுக்காகக் குனிந்து எழுந்த முட்டிகள் வலித்தன. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

இன்னிஸ்ஃபெயில் ஊருக்குத் தெற்கே, கரும்புக்கு நடுவில், மரத்தூண்கள்மேல் நின்ற பழைய வீடு. ஆலையிலிருந்து பாகு வாசனை வந்துகொண்டிருந்தது. நவம்பர் புழுக்கம். ஒரு தோகைகூட அசையவில்லை.

அவளை அழைத்திருந்த நெவில் படியில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. அறுபது வயதிருக்கும். முகத்தில் ஒரு வாரத் தாடி.

"பாம்புக்குப் பத்தியம் சொல்றவங்க நீங்கதானா?"

"நான்தான், டெல்மா. எவ்வளவு நாளா சாப்பிடல?"

"அக்கா வெர்னா செத்ததுலேருந்து. நாலு மாசம் ஆச்சு."

கூடத்தில் இரண்டு கண்ணாடிக் கூண்டுகள் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றில் இரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. பெயர் பிஸ்கட். தோல் பளபளப்பாக இருந்தது. நெவில் கூடத்துக்குள் வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன குடுத்துப் பாத்தீங்க?"

"கோழிக்கறி. சாசேஜ். ஒருநாள் வேக வெச்ச முட்டை."

"சாசேஜா? அதுல உப்பும் மசாலாவும் இருக்கும், நெவில். வெறும் கறியும் போதாது. எலும்பு, குடல், முடியோட முழு எலிதான் அதுக்குச் சாப்பாடு. உறைய வெச்ச எலி வாங்கி, வெந்நீர்ல இளக்கிக் குடுக்கணும்."

"அக்காவும் இதையேதான் சொல்லுவா. அவ ஆஸ்பத்திரில இருந்தப்போ ஃப்ரீசர்ல எலி தீந்துபோச்சு. வாங்க டவுனுக்குப் போகணும். எனக்கு அலுப்பு. ஷெட்ல ஒண்ணு பிடிச்சு அந்தக் கூண்டுல இருந்த இன்னொரு பாம்பு, டாஃபிக்குப் போட்டேன்."

டெல்மா காலிக் கூண்டைப் பார்த்தாள். "ஷெட்ல எலி மருந்து வெச்சிருந்தீங்களா?"

அவன் ஆமென்று தலையசைத்தான். "நாலே நாள்ல செத்துப்போச்சு. டாஃபி வாயில ரத்தம். வெர்னாகிட்ட நான் சொல்லல. ஆனா அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னைப் பாத்தா, ஒரு வார்த்தை பேசல. மூணாம் நாள் போயிட்டா."

டெல்மா பிஸ்கட்டின் கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு நான் என்ன வெச்சாலும்," என்று தாழ்ந்த குரலில் தொடர்ந்தான், "மறுநாள் கூண்டுல இருக்காது. குப்பைத் தொட்டில கிடக்கும். நியூஸ்பேப்பர்ல சுத்தி, நாலு மூலையும் மடிச்சு. அவ மடிக்கிற மாதிரியே."

"கூண்டு பூட்டியிருக்குமா?"

"சாவி என் சட்டைப்பைல."

துக்கமும் தனிமையும் மனிதர்களை என்னென்னவோ செய்ய வைக்கும் என்று டெல்மா நினைத்தாள். தானே எடுத்து எறிந்துவிட்டு மறந்திருப்பான். வாதம் செய்ய அவளுக்குத் தெம்பில்லை. கொண்டுவந்த இரண்டு எலிகளை, பெரியது ஒன்று சிறியது ஒன்று, பைகளோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டாள்.

"மைக்ரோவேவ்ல வெச்சா சீக்கிரம் ஆகாதா?"

"வெடிச்சுடும். அப்புறம் அதுல நீங்க டீ சுட வெக்க முடியாது."

அவன் சிரிக்க முயன்றான்.

அரை மணி நேரத்தில் எலிகள் இளகின. நான்கு மாதப் பட்டினி என்பதால் பெரியதையே கொடுக்கலாம் என்று டெல்மா முடிவு செய்தாள். ஒரே வேலையாக முடியும். இடுக்கியால் அதன் வாலைப் பற்றினாள். கூண்டைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரி சோப்பின் வாசனை வந்தது.

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டேயிருந்தது. அதன் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.

அவள் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

குளிர்ந்த, உலர்ந்த கை. பலமில்லை. நெடுநாள் படுக்கையில் கிடந்தவரின் பிடி. அது அவளைக் கூண்டிலிருந்து மெதுவாக விலக்கியது.

பாத்திரத்தின் பக்கம் திருப்பியது.

சிறிய எலியின் பக்கம்.

டெல்மா பாம்பின் நடுவுடலைப் பார்த்தாள். பெரிய எலி அதைவிடத் தடிமன். விழுங்கினாலும் கக்கிவிடும். களைப்பில் அவள் பார்க்கத் தவறியிருந்தாள்.

"சரி," என்றாள் மெல்ல. "சின்னதையே வெக்கிறேன்."

பிடி விலகியது.

பிஸ்கட் தலையை நிமிர்த்தியது. நாக்கை நீட்டி முகர்ந்தது. பாய்ந்து கவ்வி, எலியைச் சுற்றி இறுக்கியது. பத்து நிமிடத்தில் வால்நுனியும் உள்ளே போய்விட்டது.

வாசலில் நின்ற நெவில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாலு மாசமா எனக்கு எது சரின்னு அக்கா காட்டியிருக்கலாம்ல? எடுத்து எறிஞ்சா மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இன்னிக்குத்தான்." பிறகு கெஞ்சுவதுபோல், "இதைக் கூட்டிட்டுப் போயிடுங்க, டெல்மா."

"சாப்பிட்ட பாம்பை ரெண்டு நாள் தொடக்கூடாது. திங்கட்கிழமை வரேன்."

"ரெண்டு நாளா?" அவன் கூடத்துக்குள் பார்த்தான். "சரி. நான் அதுவரை படியிலேயே உட்காந்துக்கிறேன்."

திங்கட்கிழமை அவள் வந்தபோது படியில்தான் இருந்தான். கண்கள் குழிந்திருந்தன. என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. பிஸ்கட்டை ஒரு பெட்டியில் வைத்துத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தொலைபேசியில் அழைத்தான். டெல்மா சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வீடு அமைதியா இருக்கு. நேத்து பத்து மணி நேரம் தூங்கினேன்," என்றான். குரலே மாறியிருந்தது. "டாஃபி கூண்டைக் கழுவி வெயில்ல வெச்சுட்டேன்."

"நல்லது, நெவில்."

"சாப்பிட்டுச்சா?"

"ம், நேத்து சாப்பிட்டுது. நடுத்தர எலி ஒண்ணு. நல்லா இளக்கித்தான் குடுத்தேன்."

நெவில் குறுக்கிட்டான். "யார்கிட்டப் பேசுறீங்க? நான் ஒண்ணும் கேக்கலயே."

கத்தி வெண்ணெயில் நின்றது. 'சாப்பிட்டுச்சா?' என்று கேட்டது ஒரு பெண்ணின் குரல். அது தொலைபேசிக்குள்ளிருந்து வரவில்லை. டெல்மா பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"முழுசா விழுங்கிட்டுது," என்று மீண்டும் சொன்னாள், நிதானமாக. "கக்கல. தண்ணியும் குடிச்சுது."

அவளுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று தரையில் மெல்ல இழுபட்டது. பிறகு மரம் முனகியது, களைத்த யாரோ ஒருவழியாக உட்கார்ந்ததைப்போல.