எட்டுப் படத்தட்டுகள்

எல்லோருக்கும் செயற்கைக் கண் வந்துவிட்ட காலத்துக் கோவையில் பல் துலக்கிய கையோடு கண்ணையும் காலி செய்துவிடுவார்கள். யாழிசை மட்டும் சில நாளாக அதைச் செய்வதில்லை. அதன் பலன், கணவன் நிலாச் சுரங்க வேலைக்குக் கிளம்பும் காலையில் அவள் பார்வை அப்படியே உறைந்துவிட்டது.

“ஏனுங்க, வாசல்ல இருந்து பேசறீங்க. ஆனா ஃப்ரிட்ஜ்கிட்ட நிக்கறீங்களே?”

“நான் எங்க கண்ணு நிக்கறேன்?” என்ற கிருத்திக், சந்தேகம் தொற்றிக்கொள்ள, குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டான். ஏவுதளத்துக்குப் போகும் வண்டி வாசலில் காத்திருந்தது. திரும்பி வர இரண்டு வருடம். போகுமுன் அவனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் அவளுக்கு.

கண் பழுதுபார்க்கும் நிலையத்தை அழைத்ததும், அங்கிருந்த ஷர்மிளாவின் குரல் இருவர் காதிலும் வந்தது. “அக்கா, செயற்கைக் கண்ணுல படத்தட்டு எட்டுதான். பாத்து முடிச்ச தட்டைத் திருப்பிக் கொடுத்தாத்தான் அடுத்த காட்சியை அதுல பரிமாற முடியும். நீங்க எட்டையும் இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. அப்படி என்னதான் இருக்கு?”

யாழிசை தயங்கினாள். “இவருதான்.”

கிருத்திக் உருகிப்போனான். “நானா கண்ணு?”

“ஆமாங்க. காலி பாட்டிலை ஃப்ரிட்ஜுல வெக்கறீங்க. ஈரத்துண்டை மெத்தைமேல போடறீங்க. கேட்டா ‘நான் எப்போ?’ம்பீங்க. எட்டும் ஆதாரம்.”

உருகியவன் பாதியில் கெட்டியானான்.

“கண்ணுக்கு வெளிய இருக்கற சேமிப்புக் கிடங்குல போட்டு வெக்கறதுதானேக்கா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே கணக்கும்மா அது. இவரு அழிச்சுருவாரு.”

கைப்பேசிக் காலத்து முன்னோர் சண்டைக்கு உதவுமென்று படமெடுத்துப் பத்திரப்படுத்திய பழக்கம், விரலிலிருந்து விழிக்கு ஏறியிருந்தது. மற்றபடி மனித குலம் அப்படியேதான் இருந்தது.

வண்டி ஒலியெழுப்பியது. “போய்த் தொலையட்டும்” என்று யாழிசை எட்டையும் விட்டாள்.

கண் நிறைய அவன் வந்தான். சீருடையில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, திருதிருவென்று விழித்தபடி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “தப்பு என் மேலதானுங்க” என்றாள்.

கிருத்திக் அசையவில்லை. வண்டி மறுபடி கூப்பிட்டது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். இமைகூட ஆடவில்லை.

“ஷர்மிளா, இவருக்கு என்னமோ ஆயிருச்சு!”

ஷர்மிளா சோதித்துவிட்டுச் சிரித்தாள். “சாருக்கும் எட்டும் நிரம்பிருச்சுக்கா.”

“எதைங்க பிடிச்சு வெச்சிருக்கீங்க?”

“இப்ப ‘தப்பு என் மேல’ன்னு சொன்னியே, அதைத்தான். ஒரு உதட்டசைவு விடலை.”

“ஐயோ, விட்டுத் தொலைங்க! படி தெரியாம விழப் போறீங்க.”

அவன் காற்றைத் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “வண்டியில ஏத்தி மட்டும் விட்டுரு கண்ணு. கல்யாணமாகி இப்பத்தான் முதல் தடவையாச் சொல்லியிருக்கே. நிலா எங்க போயிரப் போகுது, மெதுவாப் பாத்துக்கறேன்.”