நிலா மூளியான நண்பகல்

முதுகில் கிடந்த குழந்தை அழுகையை நிறுத்தியிருந்தது. பிறந்த நாளிலிருந்து ஊரையே தூங்கவிடாத அழுகை அது. நின்றதும் துக்குமெக்குக்கு நிம்மதி வரவில்லை.

சற்று முன்புதான் நாத்தனார் இவாலு வந்து, பிள்ளையை அவளுடைய தோலங்கியின் முதுகுப் பைக்குள் இறக்கிவிட்டிருந்தாள்.

"கிரகணம் பார்க்க எல்லாரும் மேட்டுக்குப் போறோம் அண்ணி. கொஞ்ச நேரம் வச்சுக்கோங்க. பானையெல்லாம் கவுத்தாச்சா? நிலாக்காரன் இறங்கி வந்து நக்கிட்டுப் போயிடுவான்."

"நக்குறதுக்கு என் பானையில என்ன இருக்கு?"

இவாலு சிரித்தாள். பிறகு குரல் இறங்கிப்போனது. "பால் தங்க மாட்டேங்குது அண்ணி. எலும்பும் தோலுமா ஆயிட்டான். பேருக்காகத்தான் அழறான். அண்ணன் பேரை விட்டுக்கொடுங்க. இல்லன்னா இவன் பிழைக்க மாட்டான்."

"உங்க அண்ணன் செத்ததை யாரு பார்த்தா?"

இவாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பனிக்காலத் தொடக்கத்தில், இறுகாத கடல்பனியில் நாய்வண்டி ஓட்டிப் போனவன் துக்குமெக்கின் கணவன். நாய்கள் மட்டும் நனைந்து திரும்பின. செத்தவன் பெயர் ஒரு குழந்தைக்குப் போய்ச் சேரும்வரை அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சேர்ந்துவிட்டால் அவனுக்கும் குளிராது, பிள்ளையும் தேறும். துக்குமெக் மறுத்தாள். கொடுத்துவிட்டால் அவன் செத்தது உண்மையாகிவிடுமே. பாவம், அவளைத்தான் எப்படித் திட்டுவது?

ஜன்னலுக்கு வெளியே, சூரியனே உதிக்காத வடகோடிப் பனிக்காலத்தின் நண்பகல் இருட்டு. நாள் கணக்காக மறையாமல் வானத்தையே சுற்றிக்கொண்டிருந்த நிலாவின் ஓரத்தை ஏதோ கடித்துவிட்டிருக்க, வெள்ளையாய்க் கிடந்த பனி மெல்ல மெல்லச் சாம்பலாகி, கட்டிப்போட்ட நாய்கள் ஒவ்வொன்றாக ஊளையை விழுங்கி, கடைசியில் அடுப்புக்கு மேல் தொங்கிய அவனுடைய பழைய காலணிகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் வீட்டில் மிஞ்சியது. அவை எப்போதோ காய்ந்துபோன காலணிகள். உப்புத் தண்ணீர் வாடை அடித்தது.

வெளியே பனி நொறுங்கியது. காலடி. கதவுக்கு முன்னாலிருந்த சின்ன வாசலறைக்குள் வந்து நின்றது. பிறகு, உடையில் ஒட்டிய பனியைக் கோலால் தட்டும் ஓசை. பட். பட். வீட்டுக்குள் வருமுன் அவன் தட்டுவது போலவே, அவசரமில்லாமல்.

உள்ளே வந்ததும் அவன் வலதுகையை நீட்டுவான். நாய்க்கயிறு சுண்டுவிரலைத் தின்றுவிட்ட கை. குளிரில் வலிக்கும். அவள் தேய்த்துச் சூடாக்கிவிடுவாள்.

தலையைத் திருப்பிக் குழந்தையிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். அவள் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

"இனுத்தெக். உள்ள வா."

தட்டும் ஓசை நின்றது.

கதவைத் திறந்தாள். யாருமில்லை. வாசல் பனியில் ஒரு தடமும் இல்லை.

முதுகுப் பை கனத்தது.

மேலும் கனத்தது. முழங்கால்கள் மடங்கின. முதுகுத்தண்டில் ஈரம் வழிந்தது. ஐஸ் தண்ணீர். குழந்தையின் குட்டித் தொப்பி நனைந்து தரையில் விழுந்தது.

"குளிருது," என்றது பிடரிக்குப் பின்னால் ஒரு குரல். வளர்ந்த ஆணின் குரல்.

மேட்டிலிருந்து இவாலு இறங்கி வருவது கேட்டது. "அண்ணி, நிலா சரியாயிடுச்சு. பையன் தூங்கிட்டானா?"

துக்குமெக்கின் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வீங்கிய கை. நான்கே விரல்கள்.

அவள் அழுதுகொண்டே அதைப் பற்றி, தேய்க்கத் தொடங்கினாள்.