மகள் அறையில் நூற்று நாற்பது

மதியம் இரண்டு மணிக்கு மகளின் அறையில் அவள் வைத்திருந்த, காற்றின் தூசை அளக்கும் கருவி நாற்பது காட்டியது. பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தபோது நூற்று நாற்பது.

அவள் காற்று மாசு ஆய்வாளர். பதினோரு வருடங்களாக, ஆலைகளை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகக் கருவி வைத்து, அங்கிருக்கும் பிள்ளைகளைக் குழாயில் ஊதச் சொல்லி, நுரையீரலின் பலத்தைக் குறித்துக்கொண்டு வந்தவள். இப்போது மூன்று நாளாக ஊரையே புகை மூடியிருந்தது. யாரும் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு. ஏழு வயது மகளுக்கோ இழுப்பு. அதனால் ஜன்னல் இடுக்கு, வாசற்கதவின் அடி, குளியலறைத் துவாரம் என்று ஒன்று விடாமல் நாடா ஒட்டி அடைத்திருந்தாள். அலுவலகத்தில் மாட்டிக்கொண்ட கணவர், வீட்டை டப்பா மாதிரி ஆக்கிவிட்டாய் என்று போனில் கேலி செய்தார்.

கருவியில்தான் கோளாறு என்று வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். நூற்றுத் தொண்ணூறு. கூடத்தில் அதே கருவி முப்பதுதான் காட்டியது. அறைக்குள் நனைந்த சாம்பலின் வாடை லேசாக எழுந்து, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. பழுப்பேறிய ஜன்னல் வெளிச்சத்தில் மகள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கணவரை அழைத்தாள்.

"எங்கிருந்து வருதுன்னே தெரியலைங்க. வெளிய தூக்கிட்டுப் போயிடட்டுமா?"

"கதவை மட்டும் திறந்துடாத. இங்க வாசல்லயே ரெண்டு பேர் சுருண்டு விழுந்துட்டாங்க."

மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கிழித்து, விரல் நுனியில் தொங்கவிட்டு, ஒவ்வொரு இடுக்காகக் காட்டினாள். எங்காவது காற்று கசிந்தால் அது ஆடும். ஜன்னலில் ஆடவில்லை. கதவடியில் ஆடவில்லை. மின்விசிறிக் கொக்கியின் ஓட்டையில்கூட இல்லை. அலுத்துப்போய்க் கையைத் தாழ்த்தியபோது, கட்டிலுக்கு மேலே, காகிதம் அசைந்தது.

கட்டிலை நோக்கிச் சாய்ந்தது. விலகியது. மறுபடி சாய்ந்தது. விலகியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நேரமாக இழுப்புச் சத்தமே இல்லை.

"பாப்பா."

மகள் திரும்பினாள். முகம் தெளிந்திருந்தது.

"இப்ப நெஞ்சு லேசா இருக்கும்மா."

சொல்லோடு சேர்ந்து உதட்டிலிருந்து புகை வந்தது. கருப்பு. மெல்லிய நூல் போல.

அள்ளித் தூக்கினாள். கூடம். வாசற்கதவு. நாடாவின் நுனியில் நகத்தைக் கொடுத்தவள், கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். படிக்கட்டு தெரியவில்லை. எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. வெறும் பழுப்பு. கை நின்றது.

தோளில் மகளின் தாடை அழுந்தியது. கழுத்தோரம் வெதுவெதுப்பாக அவள் மூச்சு விட்டாள். மகள் மறுபடி மூச்சை இழுக்கட்டும் என்று தாய் காத்திருந்தாள். எண்ணினாள். பத்து. இருபது. கரும்புகையில் சுவர்க் கடிகாரம் மங்கியது. நாற்காலிகள் மறைந்தன. அறுபது. தன் கையே தெரியவில்லை.

இழுக்கவே இல்லை. அந்த ஒரே மூச்சை, மகள் இன்னும் நிதானமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.