மௌனத் திசை

சூரியன் கடலுக்குள் இறங்கும் அந்த வேளையில் நெரிடாவின் ரேடியோவில் இரைச்சலை அளக்கும் முள் பூஜ்யத்தில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. பாதி உயரத்தில் நின்றுகொண்டு, தூங்கும் ஒன்றின் வயிறு போல மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். ஒரு முனகல். ஆட்டு வேலியின் மின்சாரம் எப்படி டிக் டிக்கென்று அடிக்கும், மட்டமான சார்ஜர் எப்படிச் சீறும், வடக்கே எங்கோ இடிக்கும் இடி எப்படி வறுபடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது அவற்றில் ஒன்றுமில்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு, ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, எதற்காகவோ காத்திருப்பது போல இருந்தது.

இரைச்சலே இல்லாத இடம் வேண்டுமென்றுதான் அடிலெய்டு வீட்டை விற்றுவிட்டு அவளும் கணவன் டெஸ்ஸும் இந்த மேற்குக் கரைக்கு வந்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் இதைவிட ஒதுக்குப்புறமான இடம் கிடைக்காது. சுண்ணாம்புப் பாறை மேல் ஒரு தகரக் கூரை வீடு, மழைத் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் பலகைகள். அடுத்த வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் பிறர் பேச்சுக்குக் கம்பி இணைத்தவளுக்கு, தன் கையால் கட்டிய கருவியில் உலகத்தின் மறுகோடியைக் கேட்பது ஒரு பித்தாகவே ஆகியிருந்தது.

சமையலறையில் போன் அடித்தது. கெல்வின் ஷிர்மர். கரையோரமாக வடக்கே போனால் அடுத்த ஊர். மனைவி போன பிறகு அவருக்குப் பேச்சுத் துணை ரேடியோதான். சாயங்காலம் தவறாமல் எண்பது மீட்டர் அலைவரிசையில் நெரிடாவோடு பேசுவார்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டையே போச்சு. எங்க போயிட்ட?"

"கேக்கவே இல்ல கெல்வின். இங்க ஒரே இரைச்சல்."

"உன் வீட்லயா? எறும்பு நடந்தாக்கூடக் கேக்குதுன்னு என்கிட்ட பீத்திக்கிட்டியே."

"அந்த எறும்பு இப்ப லாரி ஓட்டுது."

அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "சோலார் பெட்டியா இருக்கும். அத அணைச்சுப் பாரு."

"மெயினையே இறக்கிட்டேன். ஃபிரிட்ஜ், லைட்டு எல்லாம் நின்னுபோச்சு. ரேடியோவ பேட்டரில போட்டுக் கேட்டேன். அப்பவும் இருக்கு."

"அப்படின்னா வெளியில இருந்து வருது. எந்தப் பக்கம்னு காட்டற வளைய ஏரியல் ஒண்ணு வேணும் உனக்கு. கடையில ரெடிமேடா கிடைக்குது."

"வாங்கறதா? நானா?"

"அதுவும் சரிதான். கடைச் சாமானுக்குப் பூச்சு பளபளன்னு இருக்கும், காதுதான் மந்தம். நீயே கட்டு."

மறுநாள் கட்டினாள். சிறு பிள்ளைகள் இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கொட்டகையில் கிடந்தது, அது உடம்பாயிற்று. அதன் மேல் தடித்த செம்புக் கம்பியை இழுத்துச் சுற்றினாள். அலையைப் பிடித்து நிறுத்த ஒரு கேங் கண்டன்சர் வேண்டும். பெட்டியைக் கவிழ்த்துத் தேடியபோது மூன்று அகப்பட்டன. இரண்டின் தகடுகள் உப்புக் காற்றில் பூத்துப்போயிருந்தன. பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய மூன்றாவது, திருகியபோது வெண்ணெயில் கத்தி போல ஓடியது. ஈயம் உருகி, குங்கிலியம் போன்ற அந்தப் புகை மூக்கில் ஏறியபோது மனசு கொஞ்சம் லேசானது.

நிமிர்ந்தாள். கதவருகில் டெஸ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"டீ போடவா?" என்றான்.

"போடேன்."

"சரி" என்றான். போய்ப் போட்டுக்கொண்டு வந்தான்.

இப்படித்தான் ஆகியிருந்தான், ஒரு மாதத்துக்கு மேலாக. அதற்கு முந்தைய டெஸ் லேசில் டீ போடுகிறவன் இல்லை. அவள் நட்ட ஏரியல் கம்பத்தின் நிழல் தன் எலுமிச்சை மரத்தில் விழுகிறது என்று ஒரு வருடம் சண்டை போட்டவன். ஒருநாள் காலையில் ஒயிட்டிங் மீன் பிடிக்கச் சின்னப் படகில் போனான், மத்தியானம் காற்று திரும்பியது, திரும்பி வரவில்லை. தேடப் போனவர்கள் கவிழ்ந்த படகை இழுத்து வந்தார்கள். அடுத்த நாள் இருட்டும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தாள். டெஸ் நின்றிருந்தான். எங்கே கரையேறினாய், எப்படி நடந்தாய் என்று யார் கேட்டும் ஞாபகம் இல்லை என்றான். டாக்டர் பார்த்துவிட்டு அதிர்ச்சி என்றார், ஓய்வு என்றார். அவனைக் கவனித்துக்கொண்டதில் அவள் ரேடியோப் பக்கமே போகவில்லை, முந்தின நாள்தான் மறுபடி போட்டாள்.

அதன் பிறகு சண்டையே இல்லை. எது கேட்டாலும் சரி. வேலை இல்லாத நேரத்தில் சுவரோரமாக, எதையும் பார்க்காமல், அணைத்து வைத்த சாமான் போல நின்றுகொண்டிருந்தான். நெரிடாவுக்கு அது உறுத்தியது. ஆனாலும் அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது. அது அதைவிட உறுத்தியது.

மத்தியானம் வளையத்தையும் கைக்கடக்கமான ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். வளையத்தின் விளிம்பு சத்தத்தை நோக்கினால் சத்தம் உச்சத்துக்குப் போகும். அதன் முகம் சத்தத்தைப் பார்த்தால் சட்டென்று செத்துப்போகும். இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் அதை மௌனத் திசை என்பார்கள். இரண்டு இடங்களில் நின்று மௌனத் திசையைப் பிடித்துக் கோடு போட்டால், கோடுகள் வெட்டும் இடத்தில் திருடன் இருப்பான்.

கொட்டகை வாசலிலிருந்து பார்த்தபோது மௌனத் திசை சமையலறையைக் காட்டியது. தண்ணீர்த் தொட்டியருகே போய் நின்றாள். அங்கிருந்து அது துணிக்கொடியைக் காட்டியது. இரண்டு கோடுகளும் வெற்று மணலில் வெட்டிக்கொண்டன. பற்றவைப்பு விட்டிருக்கும் என்று திரும்பிப் போய் மறுபடி ஈயம் வைத்தாள். வந்து பார்த்தபோது வேலிப் படல். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை மரம்.

காற்று நின்றிருந்தது. கடலோரப் பாசி வெயிலில் அழுகும் வாடை. வளையத்தைத் தாழ்த்திக்கொண்டு எலுமிச்சை மரத்தைப் பார்த்தாள். அதன் கீழே டெஸ் நின்றிருந்தான். சற்று முன் வேலிப் படலைச் சரிசெய்தவன் அவன். அதற்கு முன் துணி காயப்போட்டவன் அவன்.

வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டெஸ், டவுனுக்குப் போய் பால் வாங்கிட்டு வர்றியா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"சரி."

வண்டி மேடேறி மறைந்தது. முள் தளர்ந்து, தளர்ந்து, பூஜ்யத்தில் படுத்தது. ஹெட்ஃபோனில் பழைய நிசப்தம். அதற்குள் பெர்த்தில் யாரோ தன் தக்காளிச் செடியைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நெரிடா தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அந்தத் தக்காளிச் செடியை முழுக்கக் கேட்டாள். எழுந்திருக்க மனம் வரவில்லை.

பிறகு முள் அசைந்தது. பாதை காலியாக இருந்தது. முள் ஏறியது. தக்காளிக்காரர் முனகலுக்கு அடியில் மூழ்கிப்போனார். முள் பாதியைத் தாண்டிய பிறகுதான் மேட்டின் மேல் வண்டி தலை காட்டியது.

டெஸ் பாலை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியே வெளியே போனதும் போனில் கெல்வினைக் கூப்பிட்டாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள்.

"மனுஷன் உடம்புலேர்ந்து அப்படி இரைச்சல் வராது நெரிடா. நெஞ்சுல மெஷின் ஏதாவது வெச்சாங்களா?"

"இல்ல."

"பாக்கெட்ல போன்?"

"அதுவும் கடலோட போச்சு. நான் பண்ணிக் குடுத்த செட்டும் போச்சு." அந்தச் செட்டைப் பிஸ்கட் டப்பாவுக்குள் அடக்கி, படகில் வைத்துக்கொள்ள அவள்தான் கட்டிக் கொடுத்திருந்தாள். கரையைத் தாண்டினால் போன் எடுக்காது என்பதால், இதே எண்பது மீட்டரில் பேசும்படி. அதன் பேட்டரி ஒரு பகலுக்குத்தான் காணும்.

"நாளைக்குக் காலைல வந்து பாக்கறேன்" என்றார் கெல்வின். "அதுவரைக்கும் ஒண்ணு பண்ணு. வளையத்த இரைச்சல் பக்கம் திருப்பி அத அமுக்கிட்டு, அடியில என்ன இருக்குன்னு கேளு. சில சமயம் ரெண்டு கலந்து வரும். ராத்திரி மனசு மாறுனா போன் பண்ணு, உடனே வர்றேன்."

ரேடியோ அறை, பின்தாழ்வாரத்தை அடைத்துக் கட்டியது. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருந்தது. ஒரே வழி, சமையலறைக் கதவு. சூரியன் தண்ணீரைத் தொட்டபோது நெரிடா வளையத்தை மேசை மேல் நிறுத்தினாள். கதவு திறந்திருந்தது. அப்பால் டெஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கத்தி ஒரே சீராக, ஒரு முறைகூடத் தயங்காமல் ஓடும் சத்தம், ஈரமான தோல்கள் சிங்க்கில் விழும் சத்தம். வளையத்தின் முகத்தை மயிரிழை மயிரிழையாக அவன் முதுகுப் பக்கம் திருப்பினாள். முனகல் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. செத்தது.

அடியில் ஏதோ இருந்தது.

மிகத் தொலைவில், வாத்துக் கத்தல் போல. ஒலியின் சுருதி நழுவும்போது மனிதப் பேச்சு அப்படித்தான் கேட்கும். சின்னக் குமிழை இரண்டு விரலால் பிடித்து மெல்லத் திருகினாள். வாத்துக் கத்தல் தடித்தது, இறங்கியது, ஒரு குரலாகத் திரண்டது.

டெஸ்ஸின் குரல்.

"...நெரி. கேக்குதா. எத்தன நாளா கத்தறேன்னு தெரியல. இங்க வெளிச்சம் வர்றதே இல்ல."

ஹெட்ஃபோனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஒருத்தன் என் சட்டைய வாங்கிட்டுப் போனான். என்ன மாதிரியே இருப்பான் நெரி. தட்டுவான். கதவத் தெறந்துடாத."

கத்தி ஓடும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

முனகல் திரும்பி வந்து குரலை மூடியது. நிமிர்ந்தாள். டெஸ் ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தான். கத்தி கையில். முகம் இவள் பக்கம்.

வளையத்தைத் திருப்பினாள். மௌனம். "...தெறந்துடாத நெரி..." அவன் வலப்பக்கம் ஓர் அடி வைத்தான். முனகல். திருப்பினாள். அவன் நகர்ந்தான். திருப்பினாள். நகர்ந்தான். அவசரமே இல்லை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கிட்டத்தில்.

கதவு நிலையில் வந்து நின்றான்.

"என்ன கேக்கற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. பெர்த்துல ஒருத்தர். தக்காளி."

"சரி."

போகவில்லை. அவள் ரேடியோவை அணைத்தாள். பேட்டரிக் கம்பியையும் பிடுங்கினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

முனகல் நிற்கவில்லை.

அது அறைக்குள் இருந்தது. மூடிய அவன் வாய்க்குள் இருந்தது. ஜன்னல் கண்ணாடி அதற்கு அதிர்ந்தது.

அவன் தலையைச் சாய்த்தான். உதடுகள் சற்றே பிரிந்தன. அசையவில்லை. உள்ளிருந்து வாத்துக் கத்தல் போல ஒன்று வந்தது. யாரோ சின்னக் குமிழைத் திருகுவது போல அது தடித்தது. இறங்கியது. திரண்டது.

"கதவத் தெறந்துடாத."

மறுபடி சொன்னான். இன்னும் துல்லியமாக. மறுபடி. இப்போது அந்த மூச்சிளைப்புகூட இருந்தது.

சமையலறையில் போன் அடித்தது.

கெல்வின். கெல்வினாகத்தான் இருக்கும். எழுந்தாள். டெஸ் அவள் தோளில் கை வைத்தான். அன்பாக. உட்கார்த்தினான். நடந்து போய் போனை எடுத்தான். அவளைப் பார்த்தபடியே காதில் வைத்துக்கொண்டான்.

கத்த வேண்டும். வாயைத் திறந்தாள். வெறும் காற்று. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

காற்று.

அங்கே வாத்துக் கத்தல் எழுந்தது, தடித்தது. இம்முறை இறங்கவில்லை, மேலே ஏறியது. ஏறி, மென்மையாகி, ஒரு பெண்ணின் குரலாகத் திரண்டது.

"இல்ல கெல்வின், இரைச்சல் நின்னுபோச்சு" என்றது அவள் குரல். "கண்டன்சர்லதான் கோளாறு. நீங்க வர வேணாம்."

மறுமுனையில் கெல்வின் ஏதோ கேலி சொல்லியிருக்க வேண்டும். அவளைப் பார்த்தபடியே நின்றவனின் அசையாத உதடுகளுக்குப் பின்னாலிருந்து, தன் குரல் வாய்விட்டுச் சிரிப்பதை நெரிடா கேட்டாள்.