பியட் காரில் ஒரு கொத்து முடி

"அய்யய்யோ... சீ!"

டிங்கர் சாமிதுரை போட்ட கூச்சலில், பெரம்பலூர் ரோட்டில் போன சைக்கிள் ஒன்று தடுமாறி நின்றது!

ஸ்க்ரூடிரைவரை வீசியெறிந்தான். ஓரமாக ஓடினான். வாந்தி எடுத்தான்.

அரதப் பழசான பச்சை பியட் அது. பெயிண்ட் அடிப்பதற்காக, கதவோரம் ஓடிய க்ரோம் பட்டையை கிளிப் கிளிப்பாக நெம்பிக் கழற்றிக்கொண்டிருந்தான். முன்சக்கரத்துக்கு மேலே பட்டையின் நுனி தூக்கிக்கொண்டிருந்தது.

அதன் பின்னால்... ஒரு கொத்து முடி!

நீள முடி. வேரில் காய்ந்த தோல். தோலில் புழு!

"என்னடா?" என்றார் காரின் சொந்தக்காரர் அமிர்தலிங்கம், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி. அரியலூர்ப் பக்கம் பெரிய பண்ணை. வேட்டியில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்!

"முடிங்க..."

"மாடு குறுக்க வந்துச்சு. வால் மாட்டியிருக்கும். பட்டையோட கழட்டி எரிச்சுடு!"

சாமிதுரை அந்த நீள முடியை மறுபடி உற்றுப் பார்த்தான்.

போன வாரம் அரியலூர் ரோட்டோரம் தலை பிளந்து கிடந்தாள் வீராயி. கூலிக்காரி. அவள் புருஷன் செல்லக்கண்ணு லாக்கப்பில் இருக்கிறான். அவன் கட்டையால் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா?

இதே அமிர்தலிங்கம்!

"தேய்க்க உப்புத்தாள் வாங்கிட்டு வந்துடறேங்க."

சாமிதுரை பக்கத்து ரைஸ் மில்லுக்குள் நுழைந்தான். டெலிபோன் டயலைச் சுழற்றினான்.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நல்லுசாமி இறங்கினார். குனிந்து பார்த்தார்.

சிரித்தார்!

"அட, மாட்டு வாலுதாங்க. இதுக்கா போன் பண்ணினே?"

"சார், தோலைப் பாருங்க சார்!" சாமிதுரை பதறினான். "செல்லக்கண்ணைத் தூக்குல போட்டுடுவாங்க சார்!"

"வாயை மூடு!"

அமிர்தலிங்கம் மூச்சு விட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் நல்லுசாமி. "நீங்களே பிச்சுக் குப்பையில போட்டுட்டுக் கெளம்புங்க."

"நானா? இவன் எடுப்பான்."

"இவனை நம்பாதீங்க. எடுத்து ஒளிச்சு வச்சுக்குவான். நீங்க போடுங்க. வூட்டுல தெனம் மாட்டைத் தொட்டுக் கும்பிடுறவருதானே?"

"அது... அது வேற..."

"அட, கையை நீட்டுங்க!"

நல்லுசாமி பட்டையின் நுனியைத் திருகி, முடியை அவர் விரலருகே கொண்டுவந்தார்.

அமிர்தலிங்கம் துள்ளிப் பின்வாங்கினார். முகம் கோணிக்கொண்டது.

"சீச்சீ! எடுய்யா அந்தப் பக்கம்! அந்தச் சேரிக்காரி முடியை நான் தொடுறதா? தீட்டுன்னுதானே நானும் தொடாம, வீட்டுக்குள்ள வர்ற டிரைவரையும் தொடவிடாம இவ்வளவு தூரம்..."

நிறுத்தினார்!

நல்லுசாமி பட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"மாட்டுக்கு ஏதுங்க சேரி?" நல்லுசாமியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "இடிச்சது நீங்க. பழி மட்டும் புருஷன் மேலயா?"

"இருட்டுல தெரியல... கொஞ்சம் குடிச்சிருந்தேன்..."

"ஒரு வாளித் தண்ணி! ஒரு கந்தத்துணி! அன்னிக்கே தொடைச்சுப் போட்டிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. அவ உசிரு போனதைவிட அவ முடி பட்டதுதானே உங்களுக்குப் பெருசாப் போச்சு? தூ!"

சாமிதுரையும் துப்பினான். வாந்தி எடுத்தபோதைவிட இப்போதுதான் அவனுக்கு வாய் அதிகம் கசந்தது.

விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

"சார்... லாக்கப்புல எனக்குத் தனியா இடம்..." அமிர்தலிங்கம் இழுத்தார்.

"செல்லக்கண்ணு காலி பண்ற இடம்தாங்க. அவன் படுத்த பாய், அவன் குடிச்ச சொம்பு, எல்லாம் உங்களுக்குத்தான்." நல்லுசாமி தொப்பியைச் சரிசெய்தார். "நீங்க தாராளமாத் தொடுங்க. அவன் ஒண்ணும் தீட்டுப் பாக்க மாட்டான்!"